காலாவின் தேக்சா

எங்கள் குடும்பத்தில் முதலில் இங்கிலீஷ் படித்தவள் நான். போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் பள்ளிக்கூடத்துத் துரைசானி உப்பிட்ட பன்றித் தொடை ஒன்றைக் கொடுத்தார். அதை வேகவைக்கும் அளவுக்கு எங்களிடம் பாத்திரம் இல்லை. தோல் மண்டிக்காரர் வீட்டு மெஹரை, சித்தியை அவர்கள் அழைப்பதுபோல, 'காலா' என்றுதான் கூப்பிடுவேன்; அவரிடம் பிரியாணி தேக்சாவை இரவல் வாங்கி வந்தேன். சமைக்கும் முறையை அம்மாவுக்கு வாசித்துச் சொல்லும் பெருமையில், அது முஸ்லிம் வீட்டுப் பாத்திரம் என்பதை நினைக்கவேயில்லை. தொடை வெந்ததும் வெல்லப்பாகு தடவி வாட்டினோம். வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள்.

தேக்சாவைத் துலக்கும்போதுதான் உறைத்தது.

"சாம்பல் போட்டு நல்லா தேச்சுக் குடுத்துடு. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் அம்மா.

மறுநாள் காலாவின் மகளுக்கு நிச்சயதார்த்தம். அந்தத் தேக்சாவில்தான் சோறு வேகும். போய்ச் சொல்லிவிட்டேன்.

"படிச்ச பொண்ணு, கேட்டப்பவே சொல்றதுக்கு இன்னா? அத நீயே வச்சுக்கம்மா," என்றார் காலா.

புதிய தேக்சா வாங்கிக் கொடுத்தோம். இப்போதெல்லாம் பாத்திரம் இரவல் கேட்டால், அதில் என்ன வேகப்போகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலாவிடம் மட்டும் இன்னும் கேட்க வாய் வரவில்லை.