இடது பக்கம் வாய்க்கால்

என் நாட்குறிப்பில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: “ஐப்பசி, இரண்டாம் சனி. விடியலில் தூறல், பிறகு வெறித்தது. வாய்க்காலில் கரை தட்டத் தண்ணீர். தஞ்சாவூரில் சாஃப்ட்பால் மாவட்ட அணித் தேர்வு. நம் பள்ளியிலிருந்து மூன்று பேர். இரண்டு பேர் அணியில். பெரியவள் ஸ்டாண்ட்பை.”

பெரியவள் என்று எழுதியது வயதை வைத்து அல்ல, உயரத்தை வைத்து. பதினொன்றாம் வகுப்பில் எல்லோரையும்விட ஒரு தலை உயரமான பெண். அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை, அம்மா இங்கே குத்தகை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா போனில் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். இந்த வருடம் மாவட்ட அணியில் இடம் கிடைத்தால் தொடர்ந்து ஆடலாம். கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு, விளையாட்டை விட்டுவிட்டு மாலையில் டியூஷன். அவள் சரி என்று சொல்லியிருந்தாள். இது அணியில் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கும் தெரியும், ஏனென்றால் அந்த அணிக்கு ஸ்கோர் எழுதுகிறவன் நான். என் மகள் அங்கே ஆடிய காலத்தில் தொடங்கிய வேலை. அவள் கல்லூரிக்குப் போன பிறகும் என்னோடு தங்கிவிட்டது.

எங்கள் ஊர் பூதலூருக்குப் பக்கம். பள்ளி மைதானத்தின் இடது ஓரத்தில் பாசன வாய்க்கால் ஓடுகிறது. ஆனியில் தண்ணீர் வந்தால் தை வரை நிற்காது. சாஃப்ட்பால் பந்து கிரிக்கெட் பந்தைவிடப் பெரியது. ஒருமுறை நன்றாக நனைந்தால் ஊறிக் கனத்துப்போகும், அதற்குப் பிறகு அது பந்தாக இருக்காது. பள்ளியில் பந்துகள் கொஞ்சம்தான். ஆகவே எங்கள் உடற்கல்வி ஆசிரியை ஒரு விதி வைத்திருந்தார். வாய்க்காலுக்குள் அடித்தால் அவுட். அடித்தவளே இறங்கி எடுக்க வேண்டும்.

நான் இந்த ஆட்டத்தின் விதிப்புத்தகத்தை வரவழைத்து முழுதும் படித்திருக்கிறேன். அதில் வாய்க்காலைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் மைதானத்தின் அமைப்புக்கு ஏற்ப அந்தந்த இடத்தில் விதி வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அதனால் மறுப்புச் சொல்லாமல் நானும் ‘அவுட்’ என்றே எழுதினேன்.

வலக்கைக்காரி ஓங்கி அடித்தால் பந்து இயல்பாக இடது பக்கம்தான் போகும். பெரியவள் அணிக்கு வந்த புதிதில் அடித்ததில் பாதி வாய்க்காலில் விழுந்தது. பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்குவாள். கரையில் நிற்கிறவர்கள் விட மாட்டார்கள்.

“என்னடி, இன்னிக்கும் குளிச்சிட்டுத்தான் வீட்டுக்கா?”

“சோப்பு கொண்டாந்தியா?”

சில மாதங்களில் அவள் மாறிவிட்டாள். பந்து வரும்போதே காலைத் திருப்பி, மட்டையைத் தாமதமாக விட்டு, வலது பக்கம் தள்ளப் பழகினாள். பந்து நனைவது நின்றது. ஆசிரியை அவளை மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டினார். கட்டுப்பாடு இப்படி இருக்க வேண்டும் என்றார். அந்த ஆசிரியை அணித் தேர்வில் அப்பழுக்கில்லாதவர். ஊராட்சியில் செல்வாக்குள்ளவர் வீட்டுப் பெண்ணை உட்கார வைத்துவிட்டு நன்றாக ஆடிய ஒரு சாதாரண வீட்டு மாணவியை இறக்கியவர். அதற்காக வந்த பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டவர். வாய்க்கால் விதியும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் மெதுவாகத் தட்டிவிட்டு ஓடுகிற சின்னப் பெண்களுக்கு அந்த விதி இருப்பதே தெரியாது. அது வேலை செய்தது ஒருத்தியிடம் மட்டும்தான். இது எங்கள் யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

தேர்வன்று வேனில் நானும் போயிருந்தேன். தஞ்சாவூர் மைதானம் நான்கு பக்கமும் திறந்து கிடந்தது. மாவட்டப் பயிற்சியாளர் ஐம்பதைத் தாண்டியவர், தொப்பியைக் கழற்றாமல் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவளுக்கு வந்த பந்துகளை எல்லாம் அவள் ஒழுங்காக, மென்மையாக, வலது பக்கம் தள்ளினாள். ஒன்றுகூடத் தவறவில்லை. மாலையில் பதினாறு பெயர்களைப் படித்தார்கள். அவள் பெயர் அதற்குப் பிறகு, யாராவது வராவிட்டால் சேர்த்துக்கொள்ளும் ஸ்டாண்ட்பை பட்டியலில் முதலாவதாக வந்தது. பதினாறாவது இடம் தஞ்சாவூர்ப் பள்ளி ஒன்றின் ஒல்லியான பெண்ணுக்குப் போனது.

திரும்பும் வழியில் வேனில் ஒரே முணுமுணுப்பு. டவுன் பள்ளி, தெரிந்தவர்கள், முன்னாலேயே எழுதி வைத்த பட்டியல். ஊர் வந்ததும் அவள் அம்மா என்னிடம் கேட்டார்: “அவங்க புள்ளைங்களுக்குத்தான் எல்லாம். நமக்கு யாரு சார் இருக்கா, சொல்லுங்க?” எனக்கும் அதேதான் தோன்றியது.  பெரியவள் மட்டும் டியூஷன் எந்தத் தெருவில் என்று தோழியிடம் விசாரித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

திங்களன்று ஆசிரியை பயிற்சியாளரைப் பார்க்கப் புறப்பட்டார். சண்டை போடத்தான் போகிறார் என்று நினைத்து நானும் கூடப் போனேன். அவரும் அந்த எண்ணத்தில்தான் இருந்தார். பயிற்சியாளர் டீ வாங்கிக் கொடுத்தார். ஆசிரியை பேச ஆரம்பிப்பதற்குள் அவரே கேட்டார்:

“ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் டீச்சர். அந்த உயரமான பொண்ணோட உடம்புக்கு பந்து எங்கயோ போகணும். லெஃப்ட்ல அடிக்கவே வராதா?”

ஆசிரியை டீயைக் கீழே வைத்தார். “எங்க கிரவுண்டுல லெஃப்ட்ல வாய்க்கால்ங்க சார்” என்றார்.

“வாய்க்காலா?”

“பந்து நனைஞ்சிரும்னு அவுட் குடுப்போம்.”

அவர் சிரிக்கவில்லை.  இதைத் தேர்வுக்கு முன்னால் சொல்லியிருந்தால் நானே பந்து போட்டுப் பார்த்திருப்பேன் என்றார்.  சண்டைக்கென்று வந்த ஆசிரியை, அந்த ஒல்லிப் பெண்ணை எடுத்துவிட்டு இவளைப் போடுங்கள் என்று கேட்கவில்லை. அந்தப் பெண்ணிடம் சொல்லியாகிவிட்டது, அவள் வீட்டிலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள் என்றார். மாநிலப் போட்டிக்கு முன் நடக்கும் பயிற்சி முகாமுக்கு இவளும் வந்து ஆடட்டும், அது போதும் என்று மட்டும் கேட்டார். ஸ்டாண்ட்பை வரலாம், போக்குவரத்து அவரவர் பொறுப்பு என்றார் பயிற்சியாளர்.

பெரியவள் பூதலூரிலிருந்து காலை ரயிலில் முகாமுக்குப் போய்வர ஆரம்பித்தாள். அப்பாவிடம் அவள் அம்மா, முடிவு இன்னும் தெரியவில்லை என்று சொல்லி வைத்திருந்தார். அது பொய்யும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் ஆசிரியையும் பார்க்கப் போனோம். இடது பக்கம் அடிக்கச் சொன்னாலும் பெரியவளின் கால் தானாகத் திரும்பியது. பயிற்சியாளர் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். அவளும் தலையாட்டுகிறாள், பந்து வந்ததும் கால் திரும்பிவிடுகிறது. கண் கலங்கி நின்றாள். ஆசிரியை செருப்பைக் கழற்றிவிட்டு நேராக இடது பக்கம் நடந்தார். எங்கள் மைதானத்தில் வாய்க்கால் எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு தூரத்தில் போய் நின்றார்.

“இங்க தண்ணி இல்லடி. காஞ்ச தரை. என்னைப் பாத்து அடி.”

முதல் இரண்டும் பழையபடி வலது பக்கம். அடுத்தது மட்டையில் பட்டு அங்கேயே விழுந்தது. அதற்கு அடுத்த பந்து ஆசிரியையின் தலைக்கு மேலே போய், அவருக்கு வெகு பின்னால் புழுதி கிளப்பியது. ஆசிரியை திரும்பிப் பார்த்தபடி நின்றார். பயிற்சியாளர் இன்னொரு பந்தை எடுத்தார்.

அந்த வாரமே எங்கள் பள்ளியில் விதியை நீக்கினார்கள். கரையோரம் இரண்டு கழிக்கு நடுவில் பழைய மீன் வலை கட்டினார்கள். முத்துப்பேட்டைப் பக்கம் உறவுள்ள ஒரு மாணவியின் வீட்டார் கொடுத்தது. இதை முன்னாலேயே செய்திருக்கலாமே என்று யாரும் ஆசிரியையிடம் கேட்கவில்லை. அவரே ஒருமுறை என்னிடம் சொன்னார்: “எல்லாருக்கும் ஒரே மாதிரின்னு வச்சேன் சார். அதுதான் நியாயம்னு நெனச்சேன்.”  பந்து வாங்கித் தராத பள்ளியில் அந்த விதி இல்லாமல் ஆட்டமே நடந்திருக்காது என்பதும் உண்மை.

முகாமில் பெரியவளும் அந்த ஒல்லிப் பெண்ணும் சேர்ந்து சாப்பிடுவார்கள் என்று பிறகு அறிந்தேன். இவள் புளிசாதத்தை அவளுக்குப் பிடிக்கும். யார் இடத்துக்கு யார் காத்திருக்கிறார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லையாம்.

மாநிலப் போட்டிக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் அந்தப் பெண் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். பெரியவளுக்குச் சீருடை கொடுத்தார்கள். அப்பாவுக்குப் போன் போனது. அவர் நிபந்தனை நிறைவேறிவிட்டது, அவள் தொடர்ந்து ஆடலாம். இன்றும் ஆடுகிறாள்.

போட்டி முடிந்து வந்த மறுநாள் என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வாசற்படியிலேயே நின்றாள்.

“சார், நீங்கதான் எல்லாத்தையும் தேதி போட்டு எழுதுவீங்கல்ல. அந்தப் பொண்ணுக்கு நெஜமாவே காய்ச்சலா? நான் கேட்டா, விடுடின்னு சொல்றா.”

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த ஒல்லிப் பெண்ணின் பள்ளி ஆசிரியருக்குப் போன் செய்தேன். காய்ச்சல் போலத்தான் இருக்கிறது என்றார். அவள் அப்பாவைத் தஞ்சாவூர்க் கடைத்தெருவில் பார்த்தேன். பரீட்சை வருகிறது, நாங்களே வேண்டாமென்றுவிட்டோம் என்றார். பயிற்சியாளர், வீட்டிலிருந்து போன் வந்தது, அவ்வளவுதான் தெரியும் என்றார்.

மூன்று பேர் சொன்னதையும் அப்படியே பெரியவளிடம் சொல்லிவிட்டேன். காய்ச்சல் வந்ததா, அவளாக விலகினாளா, விலகச் சொன்னார்களா என்பது எனக்கு இன்னும் உறுதிப்படவில்லை.