செருப்போடு உள்ளே வரலாம்

போன வாரம் கையில் சின்னதாக ஓர் அரிப்பு. காஞ்சிபுரத்தில் புதிதாக வந்திருக்கும் தோல் மருத்துவரிடம் போனேன். கண்ணாடிக் கதவில் 'காலணிகளை வெளியே விடவும்' என்று ஒட்டியிருந்தது. வாசலில் கிடந்த ஜோடிகளில் ஒன்று புது ரப்பர் செருப்பு. வெயிலில் சூடேறிய அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், அரிப்பு மறந்தேபோனது. எனக்கு மறுபடியும் இருபத்துமூன்று வயது!

நம்ப மாட்டீர்கள், அந்தக் காலத்தில் இதே காஞ்சிபுரத்தில் எங்கள் டாக்டரின் கிளினிக்கிலும் இதே வாசகம் தொங்கியது. அட்டையில் சிவப்பு மையால் எழுதி மாட்டியவள் சாட்சாத் நான்தான். உத்திரமேரூரிலிருந்து முதல் பஸ் பிடித்துப் போய், அங்கே டைப் அடிப்பது, சீட்டு எழுதுவது, வருகிறவர்களை அதட்டுவது எல்லாம் என் வேலை. அதட்டுவது மட்டும் யாரும் கொடுத்த வேலையில்லை.

டாக்டர், சுற்றுவட்டாரத் தோல் மருத்துவர்கள் சங்கத்துக்குச் செயலாளர். சங்கத்தின் சொத்து ஒரு தகரப் பெட்டியும் ஒரு கட்டு போஸ்ட் கார்டும்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறு ஏதாவது ஓர் ஊரில் கூடுவார்கள். இன்ன நோயென்று பிடிபடாதவர்களை வரவழைத்து ஜன்னலோரம் உட்காரவைப்பார்கள். தோலைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டுமாம். டாக்டர்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்ப்பார்கள். எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தபிறகு மூட வைப்பது பெரும்பாடு. நான் டைப் அடிக்கும் அழைப்பின் கடைசி வரி மாறவே மாறாது: பூதக்கண்ணாடி மறக்காமல் கொண்டுவரவும்.

அந்தக் கூட்டம் எங்கள் உத்திரமேரூருக்கே வருகிறது என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏரிக்குப் போகும் வழியில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்தோம். பூட்ஸோடு யாரையும் உள்ளே விட மாட்டேன் என்று மண்டபக்காரர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அவ்வளவு பெரிய டாக்டர்களும் சாக்ஸ் காலோடு நடந்தார்கள். ஒருவருடைய கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நாலாவது ஆளாக உட்கார்ந்திருந்தவள் மானாம்பதி கனகம்மா. சத்துணவுத் திட்டம் வந்த புதிது. பள்ளிக்கூடத்தில் சமைக்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. ஒரு வருஷம் ஆவதற்குள் இரண்டு பாதங்களிலும் வெள்ளைத் திட்டு. பெருவியாதி என்று பேசிக்கொண்டு தாய்மார்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் கூட்டிப்போனார்கள். அது தொழுநோய் இல்லை என்று எங்கள் டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். ஊர் கேட்ட அடுத்த கேள்விக்குத்தான் பதிலில்லை.

"அது இல்லன்னா பின்ன இன்னாதான் கீதுன்னு கேக்கறாங்க பாப்பா. நாளைக்கிக் கைக்கு வராதான்றாங்க. நான் இன்னான்னு சொல்றது?" என்றாள். திங்கட்கிழமைக்குள் பதில் கொண்டுவராவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்களாம்.

பூதக்கண்ணாடிகள் வரிசையாக வந்து போயின. பிறகு ஆரம்பித்தது சண்டை. பாதிப் பேர் வெண்புள்ளி என்றார்கள், மீதிப் பேர் வாயில் நுழையாத பெயர்களாகச் சொன்னார்கள். கைக்கு வராது என்று எழுதித்தர மட்டும் ஒருவரும் துணியவில்லை. கனகம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, முகம் பார்க்கத் தெரியும். டீ வந்த சமயம் எழுந்து போய்விட்டாள்.

சாப்பிட்டாவது போகட்டும் என்று நான் பின்னாலேயே ஓடினேன். கிணற்றோரம் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர்களின் பூட்ஸுக்குப் பக்கத்தில் விடாதே என்று காலையில் அவளை அங்கே விரட்டியது நான்தான். வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த வயதான டாக்டர் ஒருவர் அங்கே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கனகம்மாவின் காலைப் பார்த்தார். சிகரெட் கீழே விழுந்தது.

"அப்படியே நில்லும்மா. கழட்டு. இப்ப போடு."

போட்டாள். நீல வார் இரண்டும் அந்த வெள்ளையை அப்படியே மூடிக்கொண்டன. கழற்றினால் அதே இடத்தில் அதே வடிவில் வெள்ளை. அவர் போட்ட கூச்சலில் சங்கமே சாக்ஸ் காலோடு சரளைக்கல்லில் ஓடிவந்தது. ரப்பரில் கலக்கும் ஏதோ ஒரு மருந்து சிலருக்குத் தோலின் நிறத்தை எடுத்துவிடுமாம். எல்லோரும் புத்தகத்தில் படித்த சங்கதிதானாம். காலை மாதக்கணக்காகப் பார்த்தோம், செருப்பைப் பார்க்கவில்லை. பார்க்க விடாமல் வாசலிலேயே நிறுத்திவைத்த புண்ணியவதி நான். வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து வந்ததில் அழுதுவிட்டேன்.

"வேலை கெடச்ச சந்தோசத்துல வாங்கனது பாப்பா இது," என்றாள் கனகம்மா.

கூட்டத்துக்காகத் தூக்கி வந்திருந்த மெஷினில் அங்கேயே சான்றிதழ் டைப் அடித்தேன். வந்திருந்த அத்தனை டாக்டர்களும் கையெழுத்துப் போட்டார்கள். கனகம்மா காகிதத்தை இடுப்பில் செருகி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு பஸ் ஏறினாள். திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் காகிதத்தை ஒருவரும் படிக்கவில்லையாம். ஒவ்வொரு தாயின் முன்னாலும் நின்று செருப்பைப் போட்டும் கழற்றியும் காட்டினாளாம். அந்த வாரக் கடைசியில் வந்து, "சோறு பத்தல பாப்பா, அத்தினி புள்ளைங்க" என்றாள். அன்றைக்கு எனக்கிருந்த பெருமைக்கு, நானே வைத்தியம் பார்த்ததுபோல நடந்தேன்.

டாக்டர் என் அட்டையைக் கழற்றச் சொன்னார். 'செருப்போடு உள்ளே வரலாம்' என்று புதிதாக எழுதி மாட்டினேன். அவர் இருந்தவரை அது தொங்கியது.

இன்று டாக்டர் இல்லை, அந்த அட்டையும் இல்லை. கனகம்மாவின் காலிலிருந்த வெள்ளைகூட மெல்ல மெல்ல மறைந்துவிட்டது. சங்கம் இப்போது ஓட்டலில் கூடுகிறதாம். ஜன்னலோரம் ஆட்களை உட்காரவைப்பதில்லை, திரையில் படமாகக் காட்டுகிறார்களாம்.

போன வாரம் நான் செருப்போடு உள்ளே போய்விட்டேன். மேசையிலிருந்த பெண், "போர்டைப் பாக்கலியா? வெளிய விட்டுட்டு வாங்க" என்று அதட்டினாள். எனக்குக் கோபமே வரவில்லை. என் குரல்தானே அது. வெளியே போய்க் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன். புது டாக்டர் என் கையை மட்டும் பார்த்து மருந்து எழுதினார்.