வி.ஆர். கண்ணாடிக்கு ஒரு கணினி

எங்கள் பள்ளிக்கு மெய்நிகர் உலகம் வந்த அன்று வாசலில் வாழைமரம் கட்டியிருந்தோம். சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில், ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று முகத்தில் அறைகிற ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி அது. நான் அங்கே கணினி ஆசிரியை. ஏதோ ஒரு பெரிய நிறுவனம், லாபத்தில் கொஞ்சத்தை நல்ல காரியத்துக்குச் செலவழித்தே தீர வேண்டும் என்ற சட்டத்தின் கட்டாயத்தில் எங்கள்மீது திடீரென்று அன்புகொண்டு, வி.ஆர். கண்ணாடிகளைக் கொடுத்தது. தலையில் மாட்டினால் கண்முன்னே வேறோர் உலகம் விரியும், தலையைத் திருப்பினால் அந்த உலகமும் கூடவே திரும்பும் என்று மேடையில் சொன்னார்கள். ஆனால் யாரும் மாட்டிப் பார்க்கவில்லை. பெட்டியைப் பிரித்துவிட்டால் படத்தில் எடுப்பாக இருக்காது என்று புகைப்படக்காரர் தடுத்துவிட்டார்.

மறுநாள் நான்தான் பிரித்தேன். கண்ணாடியிலிருந்து நீளமாக ஒரு ஒயர் தொங்கியது. அந்த ஒயரின் மறுமுனையில் ஒரு நல்ல கணினி இருக்க வேண்டும். பெட்டிக்குள் தேடினேன், கணினி இல்லை. நிறுவனத்துக்குப் போன் செய்தபோது ஒரு இளைஞர் மிக இனிமையாக, "நார்மல் கம்ப்யூட்டரே போதும் மேடம்" என்றார். எங்கள் ஆய்வகத்துக் கணினிகளை அவர் பார்த்ததில்லை. அவற்றில் ஒரு கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால், திறக்கலாமா வேண்டாமா என்று அது நம்மையே திருப்பிக் கேட்கும். வி.ஆர். மென்பொருள் அந்தக் கணினியை ஒரு முறை சோதித்துப் பார்த்துவிட்டு, இதில் ஓட முடியாது என்று ஒரே வரியில் மறுத்துவிட்டது.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் கண்ணாடிப் பெட்டிகளை ஏற்கெனவே தன் அறையில், விளையாட்டுக் கோப்பைகளுக்கு நடுவில் அடுக்கி வைத்திருந்தார்.

"யாராவது பார்க்க வந்தா ஓடணும் மேடம். எப்படியாவது அட்ஜஸ்ட் பண்ணிடுங்க."

அரசுப் பள்ளிகளுக்குத் தட்டுப்பாடே இல்லாமல் ஒதுக்கப்படுவது இந்த அட்ஜஸ்ட் ஒன்றுதான். அதை வாங்கிக்கொண்டு திருக்கழுக்குன்றத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கே கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டுடியோக்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். புதுக் கணினி வாங்கியிருந்தார். பழையது மூலையில் கிடந்தது. விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"கண்ணாடிய குட்த்தவங்க கம்ப்யூட்டர் குடுக்கலியா? மாப்ள டிரெஸ்ஸ அனுப்சிட்டு மாப்ளய அனுப்பாத மாதிரி கீதே மிஸ்!"

அவருடைய பழைய கணினியில் மற்றதெல்லாம் கெட்டுப்போயிருந்தாலும், வி.ஆர். ஓடத் தேவையான ஒரு கிராபிக்ஸ் கார்டு நன்றாக இருந்தது. செங்கல்பட்டு வட்டாரத்தின் எத்தனையோ மணமக்களை மேகங்களுக்கு நடுவில் மிதக்கவிட்ட கார்டு. "எடுத்துக்கினு போங்க, புள்ளைங்களுக்குத்தானே" என்றவர், பூட்டிக்கொடுக்கத் தானும் ஒரு சனிக்கிழமை வந்தார்.

தையல் மெஷின்கள் போட்டு வைத்திருந்த அறையைக் காலிசெய்து எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். ஆய்வகத்திலேயே கொஞ்சம் தெம்பாக இருந்த கணினியைத் திறந்தால், கார்டு உள்ளே நுழையவில்லை. பெட்டி சின்னது. ஸ்டுடியோக்காரர் யோசிக்கவே இல்லை. ரம்பத்தால் உள்ளே இருந்த ஒரு தகட்டை அறுத்தெடுத்தார். பக்கவாட்டு மூடியைப் பிறகு மூட முடியவில்லை, அதனால் அது திறந்தபடியே நின்றது. கடற்காற்றில் துரு பிடிக்கும் என்று கவலைப்பட்டேன். "மூடி வெச்சா சூட்டுல சாவும், தொறந்து வெச்சா உப்புல சாவும். தொறந்தே இருக்கட்டும் மிஸ், காத்தாட போவட்டும்" என்றார்.

சுவிட்சைப் போட்டதும் கட்டடம் முழுக்க மின்சாரம் போனது. அறிவியல் உலகில் எங்கள் முதல் காலடி அது. பழைய ஒயரை மாற்றி, வேறு இணைப்பு கொடுத்து, மறுபடி போட்டோம். கணினி இரைந்தது. கண்ணாடியை மாட்டினேன். நான் கடலுக்கு அடியில் நின்றேன். தலைக்கு மேலே ஒரு திமிங்கலம் மெதுவாகப் போனது. கத்திவிட்டேன். பிறகு கழற்றி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தேன். தென்னை மரங்களுக்கு அப்பால் நிஜக் கடல் கிடந்தது. அதைப் பார்க்கக் கடவுச்சொல் கேட்கவில்லை, கிராபிக்ஸ் கார்டும் வேண்டியிருக்கவில்லை.

இருப்பது ஒரே கணினி. ஒரு நேரத்தில் ஒரு தலைதான் உள்ளே போக முடியும். மற்றவர்கள் என்ன செய்வது? ஆய்வகத்து புரொஜெக்டரை இணைத்து, உள்ளே இருப்பவர் பார்ப்பதை எல்லாரும் சுவரில் பார்க்கும்படி செய்தேன். வகுப்புக்கு வகுப்பு முறை வைத்துக்கொண்டோம். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, "லெப்ட்ல திரும்புடி! அந்தாண்ட பாரு!" என்று கத்துவார்கள். ஒருத்தி பார்ப்பதைவிட நாற்பது பேர் வழிகாட்டுவதுதான் அதிகமாக இருக்கும்.

இந்தச் சத்தத்தைக் கேட்ட தலைமையாசிரியர் விதிமுறைகளை அச்சடித்து ஒட்டினார். கண்ணாடி அணிந்தவர் நடக்கக் கூடாது. எழுந்து நிற்கக் கூடாது. தேவையின்றிக் கைகளை அசைக்கக் கூடாது. உலகத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு திமிங்கலம் பார்க்கிற பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள்தான்.

இலவசமாகக் கிடைத்த மென்பொருள்களில் ஒன்று மனித இதயம். அதை எங்கள் உயிரியல் ஆசிரியரிடம் காட்டினேன். ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர். "நான் போர்டுல வரையிற இதயம் கரண்ட் இல்லாமலே நல்லாத்தான் துடிக்குது" என்றார். என் வற்புறுத்தலுக்காக ஒரு நிமிடம் மாட்டிக்கொண்டார். மணி அடித்தது, அடுத்த பாடவேளையும் தொடங்கியது. அவர் கழற்றவில்லை. "மேடம், இந்த வால்வு மூடுறதைக் கொஞ்சம் பக்கத்துல போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்" என்றார், ஏதோ மாமல்லபுரம் போய்வருகிறவர் மாதிரி. அதன்பிறகு அந்த அறை அவருடையதாகிவிட்டது.

ஒரு நாள் மதியம் அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற அக்கா பாத்திரம் கழுவின ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றார். சுவரில் இதயம் துடித்துக்கொண்டிருந்தது.

"அது இன்னா டீச்சர்?"

"இதயம்க்கா" என்றேன்.

அவர் போகவில்லை. பிள்ளைகள் கலைந்த பிறகு உள்ளே வந்தார்.

"எங்க வூட்டுக்காரருக்கு அதுலதான் அடப்பு கீதுன்னு செங்கல்பட்டு ஆஸ்பத்திரில சொன்னாங்க. டாக்டரு பாவம், பேப்பர்லகூட வரைஞ்சி காமிச்சாரு. எனக்கு முருங்கக்கா மாதிரி இருந்துச்சி. ஒயரு வுட்டு சரி பண்ணிடலாம்னாங்க. இவரு நெஞ்ச பொளந்துடுவாங்கன்னு பயந்துகினு வூட்டுக்கு வந்துட்டாரு. போவ மாட்டேன்றாரு."

கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வலியோடுதான் ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கா சொல்லும்போது அழவில்லை. அழுது முடித்தவர்களின் குரல் அது. உயிரியல் ஆசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் கண்ணாடியை மாட்டிவிட்டேன்.

"அய்யோ, இத்தாம்பெரிசா!" என்று அக்கா இரண்டு கைகளையும் நீட்டினார். விதிமுறைகளை அவர் படித்திருக்கவில்லை. "சார், அடப்புன்னா எங்க சார்?"

"அவருக்கு எந்த இடம்னு எனக்குத் தெரியாதும்மா, அது டாக்டருக்குத்தான் தெரியும். ஆனா மேல கொடி மாதிரி ஓடுது பாருங்க, இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோற குழாய். அதுலதான் எங்கயாவது இருக்கும். மணிக்கட்டு வழியா மெல்லிசா ஒரு ஒயரை விட்டு, அங்க கொண்டுபோய்த் திறந்து விடுவாங்க."

அக்கா வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கழற்றியதும் கேட்டார், "சனிக்கெழம அவர இட்டாரட்டுமா?"

இட்டுக்கொண்டு வந்தார். "பேஜாரு பண்ணாதம்மே" என்று வாசல்வரை முனகிக்கொண்டே வந்த மனிதர், காக்கிச் சட்டையோடு பிள்ளைகளின் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டியதும் நாற்காலியின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டார்.

"யோவ், உள்ள பூந்துட்டேன் பா! இன்னா சார் இது, செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு மாதிரி கீது!"

சிவப்பணுக்கள் அவரை இடித்துக்கொண்டு போவதைச் சுவரில் நாங்களும் பார்த்தோம். உயிரியல் ஆசிரியர் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் குழாய்க்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"ஒயரு இந்த ரூட்லதான் வருமா சார்?"

"ஆமா."

"வேற எங்கயும் அறுக்க மாட்டாங்களா?"

"உங்களுக்கு ஒயர்தான்னு டாக்டர் சொல்லியிருந்தா, மணிக்கட்டுல சின்னதா ஒரு ஊசிக்குத்து, அவ்வளவுதான். எதுக்கும் அவர்கிட்ட நேரா ஒரு தடவை கேட்டுக்குங்க."

அவர் தலையைத் திருப்பித் திருப்பி அந்தக் குழாயை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். கழற்றியபோது கண் கலங்கியிருந்தது. கண்ணாடி சூடாக இருக்கிறது என்று காரணம் சொல்லிக்கொண்டார். எழுந்து கதவுவரை போனவர் திரும்பி மனைவியைக் கேட்டார்:

"நாஸ்தா துன்னுட்டு போலாமா, இல்ல வெறும் வயித்துலதான் போவணுமா?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் ஒயர்களைச் சுருட்டுகிற சாக்கில் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

அந்த வாரமே போனார். ஒயர் விட்டார்கள், அடைப்பு நீங்கியது, சில நாளில் வீட்டுக்கு வந்தார்.

கண்ணாடி கொடுத்த நிறுவனம் வெற்றிக்கதை ஒன்று கேட்டது. நான் உற்சாகமாக இதைச் சொன்னேன். அந்த இனிமையான இளைஞர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பயனாளி எந்த வகுப்பு மேடம்?" என்றார். சமையல்கார அக்காவின் கணவர் என்றேன். "சாரி மேடம், அந்தக் கேட்டகிரி எங்ககிட்ட இல்ல." தலைமையாசிரியருக்கோ, விடுமுறை நாளில் வெளியாள் ஒருவர் அரசுக் கட்டடத்தில் தன் இதயத்துக்குள் போய்வந்ததை மேலிடத்தில் எப்படி விளக்குவது என்ற கவலை. கடைசியில் இரண்டு மாணவிகளுக்குக் கண்ணாடியை மாட்டிப் படம் எடுத்தார்கள். அப்போது கரண்ட் இல்லை. வியந்து பார்க்கச் சொன்னார்கள். ஒன்றுமே தெரியாத இருட்டுக்குள் அந்தப் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு வியந்தார்கள். நிறுவனத்தின் கையேட்டில் அட்டைப்படமே அதுதான்.

ஆட்டோக்காரர் மறுபடி வண்டி எடுத்தார். ஏறுகிறவர்களிடமெல்லாம், தான் இதயத்துக்குள் போய்வந்த கதையைச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். ஒரு நாள் காலை, பிரார்த்தனை மணிக்கு முன்னால், இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் கேட்டில் நின்றிருந்தார்.

"டீச்சரம்மா, இங்க கிட்னி காமிக்கிறீங்களாமே?"

நான் பதில் சொல்வதற்குள், பின்னால் வந்துகொண்டிருந்த உயிரியல் ஆசிரியர் சொன்னார்: "ஆஸ்பத்திரியில காட்டிட்டு சனிக்கிழமை வாங்க. அதுக்குள்ள டவுன்லோட் பண்ணி வைக்கிறேன்."