கதவை மறந்த மேஜை

பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் ஓர் ஆணி தலை நீட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கம் கிழிந்த துணியோடு வாரத்துக்கு நாலு பேர் தையல்காரம்மாவிடம் வந்தார்கள். ஒருநாள் காலையில் அவள் கண்ணாலேயே பார்த்தாள். தச்சர் ஒருவர் அந்த ஆணியை அடித்து இறக்கிவிட்டு, சுத்தியலைத் திருடியவர் போலப் பைக்குள் ஒளித்துக்கொண்டிருந்தார்.

"என் பிழைப்பைக் கெடுத்துட்டீங்களே, அண்ணே!"

"சத்தம் போடாதே தங்கச்சி. தெரிஞ்சா ஊர்ப் பெஞ்சையெல்லாம் என் தலையில கட்டிடுவாங்க."

அவருக்குப் பட்டப்பெயர் 'கால் அங்குலம்'. எதைச் செய்தாலும் கால் அங்குலம் இடம் விடுவார். மரமும் மூச்சுவிட வேண்டுமாம்.

தையல்காரம்மாவுக்கு இருந்தது ஒரே அறை. கட்டில், தையல் இயந்திரம், அடுப்பு எல்லாம் அதற்குள்தான். துணியைத் தரையில் விரித்து, மண்டியிட்டுத்தான் வெட்டுவாள். முழங்கால் இரண்டும் வீங்கிப்போய், "இனி மண்டி போட்டால் தையலையே மறந்துவிட வேண்டியதுதான்" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இருபது வருஷத் தொழில். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"மேஜை போட்டா நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் வெளியே நிக்கணும்" என்று கணவர் சிரித்தார்.

கடவுள் கண் திறந்தார். விஷயத்தைக் கேட்டு, கால் அங்குலமே வந்து நின்றார்.

"சுவரிலே மடக்கி வச்சிடலாம் தங்கச்சி. வேணும்னா இறக்கிக்க, வேண்டாம்னா தூக்கிக் கொக்கி போட்டுடு."

சுவரை விரலால் தட்டித் தட்டி, கெட்டியான இடமாகத் தேடினார். அவளை நிற்கவைத்து, முழங்கைக்குச் சற்றுக் கீழே பென்சிலால் கோடு போட்டார். பலகை வாசலில் திரும்பவில்லை. உடனே கதவையே கீலோடு கழற்றி வெளியே சாய்த்துவிட்டார். நல்ல வெளிச்சமும் வந்தது. சுவரில் சட்டம் அடித்து, பலகையைக் கீலில் மாட்டி, அடியில் இரண்டு மடக்குக் கால் வைத்தார். கடைசியில் ஏறி உட்கார்ந்தும் பார்த்தார். பெருத்த உடம்பு, மேஜை முனகக்கூட இல்லை. பிறகு மேஜையை மடக்கி, கதவைத் திரும்ப மாட்டிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் மாலை கணவர் வேலையிலிருந்து வந்து கதவைத் தள்ளினார். ஒரு சாண்தான் திறந்தது. உள்பக்கம் திறக்கிற கதவு, இறக்கிய மேஜையில் இடித்து நின்றது.

"என்னடி இது?"

"பாதி வெட்டிட்டேங்க. இப்ப மடக்கினா கலைஞ்சிடும். கொஞ்சம் இருங்க."

அந்த ஒரு சாண் இடுக்கு வழியே சாப்பாட்டுப் பை உள்ளே வந்தது. செருப்பும் வந்தது. ஆள் மட்டும் வரவில்லை.

"ஒருத்தர் வெளியே நிக்கணும்னு சொன்னேன். அது நான்னு தெரியாம போச்சே!"

செய்தி கேட்டு ஓடி வந்த தச்சர் தலையில் அடித்துக்கொண்டார்.

"எல்லாத்துக்கும் கால் அங்குலம் விட்டேன், கதவையே விட்டுட்டேனே! கழற்றிப் பலகையைக் குறுக்கித் தர்றேன்."

"தொட்டீங்கன்னா பாருங்க, அண்ணே" என்று அவள் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். "கத்தரி ஓடும்போது 'தண்ணி கொடு', 'சட்டை எங்கே'ன்னு ஒரு குரல் இல்லை. இருபது வருஷத்திலே இன்னைக்குத்தான் கோணாம வெட்டினேன்."

வாசலில் நின்ற கணவர், "அப்ப எனக்கு வெளியே ஒரு ஸ்டூல் அடிச்சுக் கொடுங்க" என்றார். தச்சர் அடித்தும் கொடுத்தார்.

சில வருஷம் கழித்துத் தச்சர் மகள் வீட்டோடு இருக்க வேற்றூர் கிளம்பினார். சொல்லிக்கொள்ள வந்த நேரம் மேஜை இறங்கியிருந்தது. அவள் அவசரமாகத் துணியைச் சுருட்டப் போனாள். கதவிடுக்கில் அவருடைய பாதி முகம் தெரிந்தது. அவள் அவரைக் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

"மடக்காதே தங்கச்சி, நான் இப்படியே போய்ட்டு வர்றேன். யார் கதவைத் தட்டினாலும் நீ வெட்டி முடிச்சிட்டே திற."