இருபத்தெட்டும் இருபத்தொன்பதும்

கயிற்றின் நுனியில் அரிக்கன் லாம்பு கிணற்றின் அடிவரை போயும் நூராமல் எரிந்தது. நான் பார்த்தேன். அத்தானும் பார்த்தார். "நல்லா எரியுது, இறங்கிறன்" என்றார். விசுவமடுவில் அந்தக் கோடை கிணறுகளை வற்றடித்திருந்தது. மேலிருந்து இழுத்தால் தண்ணீர் எட்டாது. எல்லோரையும் போல அவரும் மண்ணெண்ணெய் மிசினைக் கிணற்றுக்குள் ஒரு தட்டில் இறக்கிவைத்து மிளகாய்க்கு இறைத்துக்கொண்டிருந்தார். நடுவில் மிசின் நின்றுவிட்டது. திரும்ப இயக்கத்தான் இறங்கினார். லாம்பு எரிந்துகொண்டே இருந்தது, அத்தான் சரிந்தார்.

லாம்பை இறக்கிப் பார்க்கச் சொன்னது அக்கா. உயர்தரத்துக்கு இரசாயனம் படிப்பிக்கிறவர். சொன்னதில் பொய்யில்லை, பாரமான வாயு அடியில் தேங்கினால் சுடர் நூர்ந்துவிடும்.

செத்தவீடு முடிந்து, வகுப்பில் இலட்சிய வாயுப் பாடம் வந்தபோது, அக்கா குசினிச் சுவரில் கரியால் கணக்குப் போட்டார். அமுக்கத்தை மூலர்த்திணிவால் பெருக்கி, வாயு மாறிலியையும் வெப்பநிலையையும் பெருக்கி வரும் தொகையால் வகுத்தால் அடர்த்தி. ஒரு வளிமண்டலம், முந்நூறு கெல்வின். காபனீரொட்சைட்டு நாற்பத்துநான்கு: லீற்றருக்கு ஒன்று தசம் எட்டு கிராம். காற்று இருபத்தொன்பது: ஒன்று தசம் ஒன்று எட்டு. மிசின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு இருபத்தெட்டு: ஒன்று தசம் ஒன்று நான்கு. கரி அங்கே நின்றது. அந்த வாயு தாழாது, விலகி மேலேறியும் போகாது. காற்றோடு காற்றாய்க் கலந்து, சுடரை விட்டுவிட்டு ஆளைப் பிடிக்கும்.

"இது காத்து மாதிரியேயடா," என்றார். அழவில்லை.

இந்தக் கோடையில் பக்கத்துக் காணி அண்ணை தன் மிசினைக் கிணற்றுக்குள் இறக்கக் கயிற்றில் கட்டினார். அக்கா போய் அவருடைய கிணற்றுக்கட்டில் ஏறி இருந்துகொண்டார்.

"லாம்பு இறக்கிப் பாத்திட்டுத்தானே இறங்குவன், ரீச்சர்."

"லாம்புக்கு ஒண்டும் தெரியாது. மிசின் மேலயே நிக்கட்டும்."

"மேல நிண்டா தண்ணி எட்டாது. என்ர மிளகாய்க் கண்டெல்லாம் கருகிப்போம். உங்களுக்கென்ன, மாசம் முடியச் சம்பளம்."

"கருகட்டும்."

பொழுதுபட்டும் எழும்பவில்லை. மறுநாளிலிருந்து தினமும் லீவு போட்டுவிட்டு வந்து இருந்தார். அண்ணை கத்தினார், அவர் மனிசி மண் அள்ளித் தூற்றினார். மிளகாய் கடைசிக் கண்டுவரை கருகியது.

இப்போது அக்கா பள்ளிக்கூடம் போகும்போது அண்ணை வேலியோரம் வந்து காறித் துப்புகிறார். அக்கா சைக்கிளை நிறுத்தி, அவர் துப்பிவிட்டு நடந்து உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டே நிற்கிறார். பிறகுதான் மிதிக்கிறார்.