அரிசி மூட்டையோடு ஓர் இறக்கம்

எண்பதுகளின் நடுவில் லோதி ரோடு குவார்ட்டர்ஸில் நானும் என் ஆறு வயதுப் பெண்ணும் மட்டும் இருந்தோம். கணவருக்கு விமானப்படை வேலை, அசாமில் போஸ்டிங். அவர் விட்டுப்போன சைக்கிளில் பெண்ணைப் பள்ளியில் இறக்கிவிட்டு ஆபீஸ் போவேன். வெளிநாட்டு சைக்கிள் அது. நம்மூர் சைக்கிள் போல பிரேக்குக்கு இரும்புக் கம்பி கிடையாது. சக்கரத்தின் இருபுறமும் ரப்பர் கட்டை பொருத்திய இரண்டு இரும்புக் கைகள், அவற்றை இணைக்க ஒரு குட்டிக் கேபிள், அதை நடுவில் பிடித்து மேலே இழுக்க இன்னொரு கேபிள்.

வழியில் ரயில் பாதைக்கு மேல் ஒரு பாலம். ஒரு நாள் காலை அதன் இறக்கத்தில், முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன். பிடி கல்லாக இருந்தது, வேகம் மட்டும் குறையவில்லை. செருப்பைத் தரையில் தேய்த்து, நடைபாதைக் கல்லில் மோதி விழுந்தோம். குழந்தைக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவள் அழாததுதான் என்னை இன்னும் கலக்கியது.

மரத்தடியில் சைக்கிள் ரிப்பேர் செய்பவர் பிரேக் பிடியை அழுத்திப் பார்த்தார். "பில்குல் டைட் ஹை, பெஹன்ஜி." நல்ல இறுக்கமாக இருக்கிறதாம். அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்கப் பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரோடு வராந்தாவில் உட்கார்ந்து, பிடியை மெல்ல அழுத்தி அழுத்திப் பார்த்தேன். ஒரு ரப்பர் கட்டை ரிம்மில் படாமல் டயரை உரசியது. இரண்டு சக்கரத்திலும் குட்டிக் கேபிளை மிக உயரத்தில் கட்டியிருந்தார்கள். என் பலமெல்லாம் மேல்நோக்கிப் போனதே தவிர, பிரேக்கின் கைகள் ரிம்மை அழுத்தவில்லை. கேபிள்களைக் கீழே இறக்கி, கட்டைகளை ரிம்முக்கு நேராக வைத்து முடுக்கினேன். இப்போது பிடி மெத்தென்று இறங்கியது. இருந்ததையும் கெடுத்துவிட்டேனோ?

குழந்தையை வைத்துச் சோதிக்க முடியுமா? அவள் உட்காரும் கேரியரில் அரிசி மூட்டையை வைத்துப் பழைய புடவையால் கட்டினேன். கீழ்வீட்டுத் திருநெல்வேலிப் பெண் பார்த்துவிட்டாள்.

"என்னக்கா, அரிசியக் கட்டிக்கிட்டு எங்க போறீய?"

"பாலத்துக்கு."

"பாலத்துக்கா?"

குழந்தையை அவளிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். பாலத்து உச்சியில் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். பாதி இறக்கத்தில் அழுத்தினேன். சைக்கிள் நின்ற வேகத்தில் நான் சீட்டிலிருந்து முன்னால் வழுக்கினேன். மூட்டை சாய்ந்தது, விழவில்லை. மறுபடி ஏறி, இன்னும் வேகமாக இரண்டு முறை இறங்கிப் பார்த்தேன். இரண்டு முறையும் நின்றது.

மறுநாள் காலை பெண் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இறக்கத்தில் பத்தடி போய் நிறுத்தினேன். மறுபடி பத்தடி, மறுபடி நிறுத்தம்.

"மம்மி, ஏன் நிறுத்திண்டே இருக்கே? ஜல்தி சலோ, நாழியாச்சு!"

"சும்மாதான்டி" என்றேன். பள்ளிக்குள் நுழைந்தபோது பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.