ரணகள்ளி இலை

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அப்பாவுக்கு இடுப்பில் வலி வந்தது. வலிக்கிறது என்று அவர் வாயைத் திறக்கவில்லை. சாப்பிட்டு எழும்போது சுவரைப் பிடிப்பதைப் பார்த்து அம்மாதான் கேட்டாள். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. நனைந்த துணியைச் சூட்டில் காயவைத்து அனுப்பும் பெரிய மெஷின் அவர் பொறுப்பு. துணி ஓடும்போது அதை விட்டு நகர முடியாது. ஒன்றுக்குப் போகவேண்டி வந்துவிடுமே என்று ஷிப்டு முழுக்கத் தண்ணீரே குடிக்கமாட்டார். அந்தச் சூட்டில் நின்றுகொண்டு தாகத்தை அடக்குவதை அவர் ஒரு சாமர்த்தியமாகவே நினைத்திருந்தார்.

நோயைக் கண்டுபிடித்தது வீட்டுக்காரம்மா. குன்னத்தூர்க்காரர், நல்ல மனசு, எதிலும் சந்தேகமே இல்லாதவர்.

"கல்லுதானுங்க அது, வேறொண்ணும் இல்லீங்க. எங்க ஊட்டுக்காரருக்கும் இருந்துச்சு. வெறும் வயித்துல இந்த எலையத் தின்னாருங்க, கரைஞ்சே போச்சு" என்று சொல்லி, முந்தானையில் சில ரணகள்ளி இலைகளைக் கொண்டுவந்தார். கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. "ஒரே கையி பறிச்சுக் குடுக்கோணும். கை மாறுனா பலிக்காதுங்க. புள்ளையவே பறிக்கச் சொல்லுங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை என் கைக்கு வீட்டில் இருந்த மதிப்பு, கடைக்குப் போய் பால் பாக்கெட் வாங்கி வருவதோடு சரி.

மொட்டைமாடியில், சாயப்பவுடர் வந்த பழைய வாளிகளில் மண் நிரப்பி வைத்தோம். இலையைப் புதைக்கக் கூடாது, மண்மேல் படுக்கவைத்து ஒரு சின்னக் கல்லைப் பாரம் வைத்தால் போதும் என்றார் வீட்டுக்காரம்மா. நான் கேட்பேனா? பாவம், காய்ந்து சாகப்போகிறதே என்று காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். பனியன் கம்பெனியில் கழித்துப் போடும் துண்டுத் துணிகளை நனைத்துப் போர்த்தியும் விட்டேன். எல்லா இலையும் கொழகொழவென்று அழுகிப்போனது.

"அதுக்குத் தண்ணி காட்டாத கண்ணு. அது பாட்டுக்கு வரும்" என்று வீட்டுக்காரம்மா வேறு இலைகள் கொடுத்தார்.

இந்த முறை தொடவே இல்லை. இலையின் ஓரத்துப் பள்ளங்களிலிருந்து நூல்போல வேர் இறங்கியது. அதன்மேல் மிளகளவுக் குட்டி இலைகள் இரண்டிரண்டாக எட்டிப்பார்த்தன. பெரிய இலை வதங்கிச் சுருங்கியதும் குட்டிகளைப் பிரித்துத் தனித்தனியாக நட்டேன். தண்ணீர் இல்லாமல் இருக்கத் தெரிந்தவர்கள் அப்பாவும் இந்தச் செடியும்தான் என்று நான் சொல்ல, அம்மா சிரித்துவிட்டாள். குட்டிகள் பெரிதாகும்வரை வீட்டுக்காரம்மாவின் செடியில் பறித்தேன். பிறகு எல்லாம் என் செடிதான்.

விடிந்ததும் அப்பா பாயில் படுத்தபடியே என்னை எழுப்புவார். "தாயி, மேல போயி நல்ல இலையாப் பாத்துப் பறிச்சுட்டு வா. அவசரமில்ல, மெதுவா வா."

குருத்தைத் தொடாமல், கீழே தடித்த இலையைக் காம்போடு ஒடித்துக் கழுவிக் கொண்டுவருவேன். காலையில் பறித்த இலை கடும் புளிப்பு. அப்பா கண்ணை மூடிக்கொண்டு மென்று விழுங்குவார். "நேத்தைக்கு இன்னைக்குத் தேவல" என்று அம்மா காதில் விழும்படி சொல்வார். அப்பாவைக் குணப்படுத்துவது நான்தான் என்று வகுப்பு முழுக்க அளந்துவிட்டிருந்தேன். சில மாதங்களில் அவர் முகம் பூசினாற்போல் ஆனது. உடம்பு தேறிச் சதை போடுகிறது என்று அம்மா சந்தோஷப்பட்டாள். வீட்டுக்காரம்மா என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார்.

ஒருநாள் அப்பா மெஷின் பக்கத்திலேயே சுருண்டு விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். டாக்டர் எரிச்சலில் இருந்தார்.

"கல்லெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. ரெண்டு கிட்னியும் கெட்டுப்போச்சு. முதல்ல வந்தப்பவே ரத்தம் டெஸ்ட் பண்ணிச் சொன்னோமே, உங்க வீட்டுக்காரர் உங்ககிட்டச் சொல்லலையா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவருக்குத் தெரியும், என் முதல் இலை துளிர்க்கும் முன்பே தெரியும்.

"சொல்லியிருந்தா வேலைக்கு விட்டிருப்பியா?" என்றார் அப்பா. "கல்லுன்னே இருந்துட்டுப் போகட்டும்னு நெனச்சேன்." அம்மா அந்த வராந்தாவிலேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த இலையை இனி வாயில் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதற்காக நான் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அப்பா ஒரு வருஷம்கூட இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலை அப்பா வழக்கம்போல் என்னை எழுப்பினார்.

"தாயி, மேல போயி ஒரு இலை பறிச்சுட்டு வா."

"டாக்டர் திட்டுவாருப்பா."

"திங்கிறதுக்கு இல்ல. சும்மா கையில வச்சுக்கிறேன். மெதுவா வா, என்ன?"

அம்மா பக்கெட்டோடு அவர் தலைமாட்டில் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்க்காமலே, "போ" என்றாள்.

தின்ன முடியாவிட்டாலும் அப்பாவுக்கு என் செடிமேல் எவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். கீழே யாரோ குடலே வெளியே வருவதுபோல் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. எங்கள் லைனில் வரிசையாக வீடுகள். யாரோ பாவம் என்று நினைத்தேன். அவசரமில்லை என்று அப்பாவே சொல்லியிருந்ததால், இருப்பதிலேயே நல்ல இலையாக ஒவ்வொரு வாளியிலும் தேடிக்கொண்டிருந்தேன்.